பெரியவர் வண்டி லைனிங்

பெரிய வண்டிகளுக்கு பிரேக் லைனிங் எத்தனை நாள் வரும் என்று யாராவது கேட்டால் இன்றும் எனக்கு முகம் சுண்டிப்போகும். கேட்பவர் சும்மாதான் கேட்பார். புதிதாக ரெக்கவரி வண்டி எடுத்தவராக இருப்பார். ரோட்டில் பழுதாகி நிற்கும் லாரிகளைக் கொக்கி போட்டு இழுக்கிற தொழில் எங்களுடையது. அதில் முதலில் கையைக் கடிப்பது லைனிங்தான் என்பதால் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. "அது ஓட்டுறவங்களப் பொறுத்துங்க" என்று சொல்லிவிட்டு டீ போட எழுந்துவிடுவேன். என் கணவரின் அண்ணன் உயிரோடு இருந்திருந்தால் இதே கேள்விக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருப்பார்.

"ஒண்ற வருசம்" என்பார். "எங்க வேணா போய்ச் சொல்லு. ஒண்ற வருசம். அதுக்கப்புறம் கழட்டிப் பாத்தாலும் பாதி இருக்கும்."

எங்கள் ஷெட் குருபரப்பள்ளியில், கிருஷ்ணகிரி–ஓசூர் நெடுஞ்சாலையின் சர்வீஸ் ரோட்டை ஒட்டி இருக்கிறது. வண்டி இரண்டு. ஒன்று பெரியவர் வண்டி, இன்னொன்று சின்னவர் வண்டி. பெரியவர் என்பது கணவரின் அண்ணன். நான் மாமா என்று கூப்பிடுவேன். சின்னவர் என் கணவர். நான் தகர அறையில் போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எந்த லாரி எங்கே நின்றுவிட்டது என்று கேட்டு ஆளை அனுப்புவேன். கார்களில் பிரேக் பேட் என்பார்கள், எங்கள் வண்டிகளில் லைனிங். பிரேக்கை மிதித்தால் அது சக்கரத்துக்குள் இருக்கிற டிரம்மைப் போய் அழுத்திப் பிடிக்கும். பிடித்துப் பிடித்தே தேயும். மேலுமலை இறக்கத்தில் நம் வண்டிப் பாரத்தோடு பின்னால் வருகிற லாரியின் பாரமும் சேர்ந்து தள்ளும்போது தேயாமல் என்ன செய்யும்? சின்னவர் வண்டிக்கு ஆறு மாதம் தாங்கினால் பெரிய விஷயம். பெரியவர் வண்டிக்கு ஒன்றரை வருடம். ஒரே இறக்கம், ஒரே மாதிரி வண்டி, ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

என் கணவர் லைனிங் மாற்றச் சக்கரத்தைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் மாமா வந்து பக்கத்தில் நிற்பார். தேய்ந்ததைக் கையில் எடுத்து டீக்கடைக்காரருக்கும் பஞ்சர் கடைக்காரருக்கும் அங்கே நிற்கிற டிரைவர்களுக்கும் காட்டுவார்.

"பாத்தியாப்பா, அப்பளமாட்டம் ஆக்கிட்டான். காலாடா அது, உலக்கையாடா?"

எல்லோரும் சிரிப்பார்கள். கூட்டத்தில் கன்னட டிரைவர் இருந்தால் கன்னடத்தில் ஒரு தடவை, தெலுங்கு டிரைவர் இருந்தால் தெலுங்கில் ஒரு தடவை. என் கணவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு யாரோடோ பேசுவது போல உட்கார்ந்திருப்பேன். கல்யாணமான புதிது. கட்டியவனை நாலு பேர் நடுவில் மூன்று பாஷையில் கிண்டல் செய்தால் எவளுக்குத்தான் கூசாது? ஆனால் கோபம் மாமா மேல் வரவில்லை. அண்ணனுக்கு வருகிற பதவிசு இந்த மனிதருக்கு ஏன் வரமாட்டேன் என்கிறது என்று என் கணவர் மேல்தான் வந்தது.

மாமா கையில் எதுவுமே தேயாது. அது அவருடைய பெருமை. தன் கல்யாணத்துக்கு வாங்கிய தோல் செருப்பு என்று ஒரு ஜோடியை அட்டைப்பெட்டியில் வைத்திருந்தார். மகன் காலேஜுக்குப் போகிற வயதிலும் அது கடையில் வாங்கிய மெருகு குலையாமல் இருந்தது. வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டுவார். காட்டும்போது அவர் காலில் கிடப்பது என் கணவரின் செருப்பு. விடிந்தால் என் கணவர் செருப்பைத் தேடி வீட்டைச் சுற்றி வருவார். அது மாமாவோடு டீக்கடைக்குப் போயிருக்கும். மாமா போனில் சார்ஜ் இரண்டு நாள் நிற்கும். "ஏங்கண்ணு, உன் போனக் கொஞ்சம் குடு, என்னுதுல சார்ஜ் நிக்கட்டும்" என்பார். அவர் குளிக்கிற சோப்பில் கம்பெனி பேர் அழிந்து நான் பார்த்ததே இல்லை.

ஒருமுறை இறக்கத்தில் மாமாவின் வண்டி கவிழப் பார்த்து எப்படியோ தப்பியது. முருகனுக்கு மொட்டை போடுகிறேன் என்று அந்த இடத்திலேயே வேண்டிக்கொண்டாராம். அண்ணனும் தம்பியும் கோயிலுக்குப் போய்த் திரும்பினார்கள். மொட்டைத் தலையோடு இறங்கியவர் என் கணவர்.

"யார் தலையா இருந்தா என்னா? நம்ம ஊட்டுத் தலைதான" என்றார் மாமா, தன் சுருட்டை முடியைக் கோதிக்கொண்டே. வயிறு வலிக்கச் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன்.

லைனிங் விற்கிற கடைக்காரர் ஒருவர் ஒன்றரை வருடக் கதையைக் கேள்விப்பட்டு ஓசூரிலிருந்து நேரில் வந்தார். கழற்றிப் பார்த்தார், அசந்துபோனார். கையில் பாதி தேய்ந்த லைனிங்கோடு மாமாவை நிற்கவைத்துப் போட்டோ எடுத்து, கடை வாசலில் பெரிதாக மாட்டினார். பஸ்ஸில் போகும்போது பார்த்தேன். மாமா போட்டிருந்தது என் கணவரின் தீபாவளிச் சட்டை.

இப்படிச் சொல்லிக்கொண்டு போனால் அற்பமான ஆள் என்று தோன்றும். அப்படி இல்லை. வண்டி நின்றுபோன டிரைவரின் முகத்தைப் பார்த்திருக்கிறீர்களா? மற்ற லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு தாண்டிப் போக, தான் மட்டும் கொக்கியில் மாட்டிக்கொண்டு போவது அவர்களுக்குப் பெரிய மானக்கேடு. மாமா முதலில் டீ வாங்கிக் கொடுப்பார். அவன் பாஷையிலேயே அவன் ஊரை, மழையை, பிள்ளைகளை விசாரிப்பார். டோல்கேட் வருவதற்குள் அவன் சிரித்துவிடுவான். என் கணவர் இழுத்துக்கொண்டு வரும் டிரைவர்கள் உம்மென்று இறங்குவார்கள். மாமாவோடு வருகிறவர்கள் பெண் வீட்டுக்கு வந்த மாதிரி இறங்குவார்கள்.

என் அப்பாவுக்கு ஆபரேஷன் என்று கிருஷ்ணகிரியில் சேர்த்திருந்தோம். அவசரமாக ரத்தம் வேண்டும் என்றார்கள். நாங்கள் கையைப் பிசைந்துகொண்டு நிற்கையில் மாமா லாரி நிற்கும் இடத்துக்குப் போய் ஒரு டெம்போ நிறைய டிரைவர்களை ஏற்றிக்கொண்டு வந்து நிறுத்தினார். அப்பா பிழைத்தார். மாமாவுக்கும் அதே ரத்தம்தான் என்பது பிறகு தெரிந்தது. அவர் மட்டும் கொடுக்கவில்லை. "ஊரார் ஊட்டு நெய்யே, எம்பொண்டாட்டி கையேன்னு சும்மாவா சொன்னாங்க" என்று அவர் மனைவியே என்னிடம் முணுமுணுத்தாள். ஆனாலும் அப்பா பிழைத்தாரே. அந்த நன்றி எனக்குள் இன்னும் இருக்கிறது. அதுதான் கஷ்டம்.

ஒருநாள் மாமா ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். சின்னவர் வண்டி வழக்கம்போல் சக்கரம் கழற்றிக் கிடந்தது. சூளகிரியில் ஒரு லாரி நிற்கிறது என்று போன் வந்ததும் என் கணவர் பெரியவர் வண்டியை எடுத்தார். ஷெட்டைவிட்டு நகர்த்தி, பிரேக்கை மிதித்திருக்கிறார். வண்டி நிற்கவில்லை. சாவகாசமாக உருண்டு வந்து தண்ணீர் டிரம்மை நசுக்கி, நான் உட்கார்ந்திருந்த தகர அறையில் முட்டி நின்றது. என் கணவர் இறங்கி வண்டிக்கு அடியில் போனார். வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"லைனிங் புதுசாட்டம் கெடக்குது. அட்ஜஸ்டர எல்லாம் தளத்தி வுட்டு வெச்சிருக்கறாரு."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கீழே உட்கார்ந்து பொறுமையாக விளக்கினார். நின்றுபோன லாரியில் பிரேக்குக்கான காற்று இருக்காது. காற்று இல்லாவிட்டால் சக்கரம் பூட்டிக்கொண்டு உருளாது. அதனால் இழுக்கிற வண்டியிலிருந்து ஒரு ஹோஸ் மாட்டி அதற்குக் காற்று கொடுப்பார்கள். பிறகு முன்னால் இருப்பவர் பிரேக்கை மிதித்தால் இரண்டு வண்டியும் சேர்ந்து பிடிக்கும், பாரத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும். அதுதான் முறை. லைனிங்குக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியைக் கூட்டிக் குறைக்க ஒரு நட்டு உண்டு. மாமா தன் வண்டியில் அதைத் தளர்த்தி, லைனிங் டிரம்மைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி வைத்திருந்தார். மேலுமலையில் இரண்டு வண்டிப் பாரத்தையும் தாங்கிப் பிடித்தது பின்னால் கொக்கியில் வந்தவனின் லைனிங். ஆர்.டி.ஓ. ஆபீசில் வண்டியை எஃப்.சி. சோதனைக்குக் காட்டுகிற அன்று மட்டும் இறுக்கிக்கொள்வாராம். ஒன்றரை வருடத்தின் சூட்சுமம் இவ்வளவுதான்.

என் கணவர் எல்லாவற்றையும் இறுக்கிவிட்டுப் போனார். மறுநாள் மாமா வண்டியை எடுத்தவர் பாலம் தாண்டுவதற்குள் திரும்பி வந்தார்.

"எவன்டா என் வண்டில கை வெச்சது?"

"அதுல பிரேக்கே இல்லண்ணா" என்றார் என் கணவர்.

"எனக்கு இருக்குது. உலக்கக்காலனுக்குத்தான் இருக்காது."

சொல்லிவிட்டு அவரே துண்டை விரித்துப் படுத்து, ஸ்பானரால் ஒவ்வொன்றாகத் தளர்த்தினார். விரித்த துண்டு என்னுடையது. அவர் இழுத்து வரும் லாரிகள் ஷெட்டுக்குள் நுழையும்போது ஒரு கருகல் நாற்றம் வரும். அந்த லாரியின் கோளாறு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அதற்குப் பிறகு அந்த நாற்றம் வந்தாலே எழுந்து உள்ளே போய்விடுவேன். அந்த டிரைவர்கள் மாமாவின் கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டுப் போவதை என்னால் பார்க்க முடியவில்லை.

மாங்காய்க் காலத்தில் வேப்பனப்பள்ளிக்காரன் ஒருவன் வந்தான். முன்பு சூளகிரியில் இஞ்சின் நின்று, மாமா இறக்கத்தில் இழுத்துக் கொண்டுவந்து கிருஷ்ணகிரி ஒர்க்‌ஷாப்பில் விட்ட லாரியின் டிரைவர் அவன். இந்த முறை லாரி இல்லை, பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்திருந்தான். உட்காரச் சொல்லியும் அவள் உட்காரவில்லை.

"புது லைனிங்ணா" என்றான் மாமாவிடம். "அன்னிக்கிப் போட்டு ஒரு வாரங்கூட ஆவல. பின்னாடி சக்கரமெல்லாம் கரியாப் பூடுச்சி. நான் பிரேக்குலயே கால வெச்சி ஓட்டறனாம். ஓனரு வண்டிய வுட்டு எறக்கிட்டாரு. பர்கூர்ல கேட்டுட்டன், போச்சம்பள்ளில கேட்டுட்டன். கருக்கறவன்னு பேரு முன்னாடியே போய்ச் சேந்துடுச்சி. எவனும் சாவி தரமாட்டறான்."

மாமா உச்சுக்கொட்டினார்.

"ஒரே ஒரு போன் போடுங்கண்ணா. எறக்கத்துல பின்னாடி வந்த லாரிதான் புடிச்சிக்கினு வந்துது, அதுல கருகிடுச்சின்னு ஒரு வார்த்த. நீங்க சொன்னா எங்க ஓனரு கேப்பாரு."

அவன் குற்றம் சொல்லவில்லை. அப்படி ஒரு நட்டு தளர்ந்திருக்கும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. இழுக்கும்போது இப்படி நடப்பது சகஜம் என்று நினைத்திருக்கிறான். பெயர் கெட்டுவிட்டால் டிரைவருக்கு என்ன மிச்சம்? அவன் பெண்டாட்டி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெண்ணுக்குப் பெண் ஏதாவது சொல்வாள் என்று நினைத்தாளோ என்னவோ. நான் தண்ணீர் கொடுத்தேன்.

மாமா அவன் தோளில் கை போட்டார். தெலுங்கில் ஏதோ சொல்லிச் சிரிக்கவைத்தார். "இதுக்குப் போயி மூஞ்சத் தொங்கப் போட்டுக்கினு வந்துட்டியா? டீயக் குடி. ஒரு வாரம் போவட்டும், நானே பாத்துச் சொல்றன்" என்றார். அவர்கள் நம்பிக்கையோடு பஸ் ஏறினார்கள்.

"ஒரு போன்தான மாமா, போடலாமில்ல?" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"போட்டா நாளைக்கு எந்த ஓனரு நம்பளக் கூப்புடுவான், கண்ணு? நீ அப்புறம் இந்தப் போன்கிட்ட ஒக்காந்து ஈ ஓட்டணும்." கோபமே இல்லாமல், குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னார். அவர் சொன்னது நிஜம். நான் சாப்பிடும் சோறும் அந்த நட்டில்தான் இருக்கிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

என் கணவர் தன் வண்டிக்கு அடியில் படுத்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். மாமா கிளம்பிப் போனதும் வெளியே வந்து கையைத் துடைத்தார். அந்த லாரி ஓனரின் நம்பரைக் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். என் எதிரிலேயே நின்று பேசினார்.

"வணக்கங்க. குருபரப்பள்ளி ரெக்கவரிங்க. அன்னிக்கி உங்க வண்டிய இழுத்தது நான்தாங்க, சின்னவன். எனக்குக் கொஞ்சம் கால் கனங்க. எறக்கத்துல போட்டு மிதிச்சிட்டன், அதுல உங்க லைனிங் கருகிடுச்சி. உங்க டிரைவர் மேல ஒண்ணியும் தப்பில்லீங்க."

அந்தப் பக்கம் கத்துவது எனக்கே கேட்டது. இவர் "ஆமாங்க, தப்புதாங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். போனை என்னிடம் நீட்டி, "சாவி குடுத்துடுவாரு" என்று மட்டும் சொல்லிவிட்டு மறுபடி வண்டிக்கு அடியில் போய்விட்டார். எனக்கு அழுகை வந்தது. இந்த மனிதரைப் பற்றி இத்தனை நாள் என்ன நினைத்திருந்தேன்!

அந்த ஓனர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பாரா? ஓசூர் வரைக்கும் பரவிவிட்டது. போன் வரும். "ஏம்மா, பெரியவர அனுப்பு. அந்தக் கால்கனத்தான் வேணாம்" என்பார்கள். "சரிங்க" என்பேன். வேறு என்ன சொல்ல? பெரியவர் வண்டி ஓடிக்கொண்டே இருந்தது, சின்னவர் வண்டி வெயிலில் நின்றது. மாமாவுக்கும் விஷயம் போய்ச் சேர்ந்தது. நடந்தது என்ன என்று அவருக்குத் தெரியாதா? ஆனாலும் டீக்கடையில் என் காதுபடவே சொன்னார்: "நான்தான் அப்பவே சொன்னன் இல்ல, எந்தம்பி கால் அப்படின்னு." எல்லோரும் சிரித்தார்கள்.

பத்துப் பதினைந்து நாள் கழித்து வேப்பனப்பள்ளிக்காரன் பெண்டாட்டியோடு மறுபடி வந்தான். தலையில் ஒரு கூடை செந்தூரா மாம்பழம். கூடையை இறக்கிவைத்தவன் நேரே மாமாவிடம் போய், இருவருமாக அவர் காலில் விழுந்தார்கள். ரெக்கவரிக்காரர் போன் பண்ணித் தப்பை ஒத்துக்கொண்டார் என்றுதான் ஓனர் அவனிடம் சொல்லியிருக்கிறார். இழுத்தது மாமா, அவன் கேட்டதும் மாமாவிடம், ஆக போன் பண்ணியவரும் மாமாதான் என்று எண்ணிவிட்டான்.

"உங்க ஒரு போன்ல எங்க குடும்பம் நின்னுச்சிண்ணா."

மாமா என் கணவரை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். இப்போது சொல்லிவிடுவார் என்று நான் நம்பினேன். நானில்லப்பா, என் தம்பிதான் என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்?

"எழுந்திரு, எழுந்திரு. இதெல்லாம் ஒரு ஒதவியா?" என்று அவனைத் தூக்கி நிறுத்தினார் மாமா.

நான் வாயைத் திறந்தேன். என் கணவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அவர்கள் போன பிறகு அவரைப் பிடித்துக்கொண்டேன். "உங்க வாயில என்ன கொழுக்கட்டையா?"

"கால்ல வுழுந்து எழுந்தவன்கிட்ட, நீ வுழுந்தது தப்பான காலுன்னு சொல்லச் சொல்றியா?" என்றார். "பக்கத்துல பொண்டாட்டி வேற நிக்கறா."

மாமா கூடையைக் கிளறி நல்ல பழமாக நாலு எடுத்து என்னிடம் நீட்டினார். "தம்பிக்கு மொதல்ல அறுத்துக் குடு, கண்ணு" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் வெட்கப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். அதையும் வெட்கம் என்று நானாகத்தான் சொல்லிக்கொள்கிறேன்.

மாரடைப்பில் மாமா போய்ச் சேர்ந்து சில வருடம் ஆகிறது. மாலை போட்ட படம் தகர அறையில் மாட்டியிருக்கிறது. அவர் வண்டியையும் என் கணவர்தான் பார்த்துக்கொள்கிறார், நட்டையெல்லாம் இறுக்கி. லைனிங் ஆறு மாதம்தான் வருகிறது. "பெரியவர் காலத்துல ஒண்ற வருசம் வரும்" என்று டீக்கடையில் இன்னும் பெருமூச்சு விடுகிறார்கள்.

வேப்பனப்பள்ளிக்காரன் மட்டும் வருடம் தவறாமல் கூடையோடு வருகிறான். முதல் பழத்தைப் படத்துக்குக் கீழே வைத்துக் கண்ணை மூடி நிற்பான். இந்த வருடம் பள்ளிக்கூடம் போகிற மகளையும் கூட்டிவந்தான். "நல்லாக் கும்புட்டுக்கம்மா. இவுரு ஒரு வார்த்த சொல்லலன்னா நாம இல்ல" என்றான் அவளிடம். என் கணவர் பக்கத்தில் அவனுக்கு டீ ஆற்றிக்கொண்டு நின்றார். "உங்கண்ணன மாதிரி ஒரு மனுசன் இனிமே பொறக்கணும்ணா" என்றான் அவரிடம். "ஆமாப்பா" என்று டம்ளரை நீட்டினார்.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. செத்தவருக்கு வெட்கம் கிடையாது. விஷயம் தெரியாதவனுக்கும் கிடையாது. என் கணவர் வெட்கப்படும்படி ஒன்றுமே செய்யவில்லை. மிச்சம் இருப்பது நான் ஒருத்திதான். வருடா வருடம் மாம்பழத்தோடு அது என் தலையில் வந்து இறங்குகிறது. அந்தக் குழந்தை கூப்பிய கையோடு ஒரு கண்ணை மட்டும் திறந்து என்னைப் பார்த்தது.

"நீங்க கும்புடலயா அத்த?" என்றது.

கும்பிட்டேன்.